டெலீரியம் என்றால் சால் தப்புவது

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சித்தூரிலிருந்து புத்தலப்பட்டு போகிற ரோட்டில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அதன் தொத்துநோய் வார்டுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியவன் நான். பாதி எழும்பியபோது உள்ளே காலரா கேஸ் வந்தது என்று கேள்விப்பட்டு மேஸ்திரி கரணையைப் போட்டுவிட்டு ஓடிப்போனார். மீதியை நான்தான் கட்டினேன். இன்று ஆஸ்பத்திரி இல்லை, அந்த இடத்தில் மாம்பழக்கூழ் கம்பெனியின் குடோன் இருக்கிறது. போய்ப் பாருங்கள். அவர் கட்டிய பக்கம் சாய்ந்திருக்கும், என் பக்கம் நேராக நிற்கும்.

நோயாளிகளின் துணியை அவிக்கப் பெரிய அண்டா கேட்டு வருஷக்கணக்காக எழுதிப்போட்டார்கள், வரவில்லை. நான் ஒரு கரும்புத் தோட்டக்காரரைப் பிடித்து, வெல்லம் காய்ச்சும் பழைய கொப்பரையை வாங்கி வந்தேன். கீழே அடுப்பு கட்டி, வார்டுத் துணி முழுவதையும் அதில் வேகவைத்தேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவன் தர்மாமீட்டர் பார்க்கக் கற்றேன், சார்ட்டில் காய்ச்சல் கோடு போடக் கற்றேன், குளுக்கோஸ் ஏற்றும்போது ஊசி நழுவாமல் கையைப் பிடித்துக்கொள்ளக் கற்றேன். எனக்குப் பின்னால் வந்த வார்டு பாய்கள் எல்லோரும் என்னிடம் தொழில் படித்தவர்கள். என் அப்பா குடிபாலா பக்கத்தில் ஒரு பெரிய வீட்டுக்குப் பண்ணையாள். அவர் பெயரில் ஒரு பிடி மண் இல்லை. நான் சித்தூரில் தளம் போட்ட வீடு கட்டினேன். யாரும் கைகொடுக்கவில்லை.

இதெல்லாம் பெரிதில்லை. பெரிது ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வார்டில் நான் மட்டும்

எங்கள் சபை ஐயர், அதாவது பாதிரியார், என்னைக் கொண்டுவந்து விட்டபோது எனக்கு மீசை அரும்பவில்லை. தலைமை சிஸ்டர் கேட்டார்: “உனக்கு என்னப்பா தெரியும்?” “ஏர் ஓட்டத் தெரியும்” என்றேன். சிரித்தார். “இங்க உழ ஒண்ணும் இல்ல. தொத்துநோய் வார்டுக்கு ஆள் நிக்க மாட்டேங்கிறான். நீ நிப்பியா?” நின்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் நின்றேன்.

வார்டு மற்றக் கட்டடங்களை விட்டுத் தள்ளி, புளியமரங்களுக்குப் பின்னால் இருந்தது. ஆறு கட்டில். டாக்டரம்மா காலையிலும் சாயங்காலமும் வருவார். சிஸ்டர் ஊசிக்கு வருவார். மற்ற நேரம் நானும் நோயாளிகளும்தான். நோயாளிகள் பேசுகிற நிலைமையில் இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அதனால் பேச்சுத்துணை கிடையாது.

எனக்கு மனைவி இருந்தாள். முதல் பிரசவத்திலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். மறுபடி பெண் கேட்டுப் போனால், “தொத்துநோய் வார்டுல கீறவனா?” என்று கதவருகிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார்கள். ரோட்டோர டீக்கடையில் எனக்கென்று ஒரு கிளாஸ் தனியாக ஆணியில் தொங்கும். பஸ்ஸில் கண்டக்டர் என்னைத் தெரிந்தவன் என்றால் என் பக்கத்து சீட் திருப்பதி வரைக்கும் காலிதான். கிறிஸ்துமஸ் அன்று கோயிலில் எல்லோரும் கைகொடுத்துக்கொள்வார்கள். எனக்குத் தூரத்திலிருந்தே கும்பிடு போடுவார்கள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிய கை அது. அந்தக் கோயிலில் அதைவிடச் சுத்தமான கை இருந்திருக்காது. யாரிடம் சொல்வது?

முனுசாமி வந்தது

அறுபதுகளின் கடைசியில், வேர்க்கடலை விதைக்கிற பருவத்தில், முனுசாமி என்ற ஆளை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். குடிபாலாவுக்குப் பக்கத்து ஊர். கல்யாணம் ஆகாதவன். கூட வந்தவன் அவன் அண்ணன் கோவிந்தன். இருவரும் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர்கள். டைபாய்டு. காய்ச்சலோடேயே பல நாள் உழுதிருக்கிறான், விழுந்த பிறகுதான் தூக்கிவந்தார்கள்.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “ஜீவரத்தினம், இவன் மூணாவது வாரத்துல இருக்கான். குடல் உள்ள புண்ணாகி, காகிதம் மாதிரி இருக்கும். எழுந்து முறுக்கினான்னா ஓட்டை விழுந்துடும். விழுந்தா போச்சு. மாத்திரை வேலை செய்யற வரைக்கும் இவன் அசையக் கூடாது. உன் பொறுப்பு.”

அன்று மத்தியானமே அவன் எழுந்தான். கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை எங்கள் மேல் இல்லை. குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தான். கட்டிலின் தலைமாட்டுக் கம்பியை வலது கையால் பிடித்து அழுத்தினான். காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். நான் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தால் மறுநிமிஷம் எழுவான். காய்ச்சலில் கிடக்கிற உடம்புக்கு அத்தனை பலம் எங்கிருந்து வருகிறது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

சிஸ்டர் பேண்டேஜ் துணியைக் கொடுத்து, “கையையும் காலையும் கட்டு” என்றார். கட்டினேன். அவன் இழுத்தான். மணிக்கட்டுத் தோல் உரிந்தது. கட்டுவதற்கு முன் எழுந்து நின்றவன், கட்டிய பிறகு வயிற்றை வில்லாக வளைத்து முறுக்கினான். எது நடக்கக் கூடாதோ அதைக் கட்டுத்துணியே செய்யவைத்தது. டாக்டரம்மா பார்த்தார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. “டெலீரியம்” என்று சார்ட்டில் எழுதினார். தூக்க மருந்து கொடுக்கலாம், ஆனால் நாடி இருக்கிற நிலையில் பயம் என்றார்.

மறுநாள் காலை கோவிந்தன் வண்டி பூட்டிக்கொண்டு வார்டு கேட்டில் வந்து நின்றான்.

“இன்னா டாக்டரம்மா, என் தம்பிய மாட்டக் கட்டுற மாதிரி கட்டி வெச்சிக்கீறீங்க?”

“கோவிந்தா, அவனுக்குக் குடல் புண்ணாயிருக்கு. அசையக் கூடாது. அதுக்குத்தான்.”

“குடல்ல ஒண்ணும் இல்ல. இது பேய்க்காத்து சேஷ்ட. கொல்லமேட்டாண்ட உச்சிப்பொழுதுல படுத்துட்டான். எங்க ஊராண்ட ஒருத்தர் கீறாரு, வேப்பில அடிச்சாருன்னா எறங்கிடும். அனுப்பிடுங்க.”

“அனுப்பறேன். உன் வண்டி குலுக்குற குலுக்குல சித்தூர் தாண்டறதுக்குள்ள செத்துடுவான். வேப்பிலைய யாருக்கு அடிப்ப?”

“இங்க மட்டும் இன்னா? கட்டிப்போட்டுத்தான சாவடிக்கிறீங்க? சாவறதுன்னா வூட்டாண்ட சாவட்டும்.”

நோயாளியின் ஆள் கேட்டால் நிறுத்திவைக்க ஆஸ்பத்திரிக்கு உரிமை இல்லை. டாக்டரம்மா “கொஞ்ச நேரம் பொறு” என்று சொல்லிவிட்டு ஊசி மருந்து பார்க்க ஆபீஸ் பக்கம் போனார். அந்தக் கொஞ்ச நேரம்தான் முனுசாமிக்கு மிச்சம் இருந்தது.

உழுதுகொண்டிருக்கிறான்

நான் கட்டில் அருகே போனேன். அவன் உதடு ஆடிக்கொண்டே இருந்தது. முதல் நாளிலிருந்தே முனகிக்கொண்டுதான் இருந்தான், நாங்கள் யாரும் காது கொடுக்கவில்லை. காய்ச்சல் பேச்சு என்று விட்டுவிட்டோம். அன்று குனிந்து கேட்டேன்.

“ஹை... ஹை... இடத்து மாடு படுத்துக்கப் பாக்குது... சால் வுட்டுப் போவுது... ஹை...”

கம்பியை அழுத்தின கை கலப்பையின் மேழியைப் பிடித்த கை. தூக்கி வைத்த கால் உழவுமண்ணில் வைக்கிற கால். மனுஷன் நேற்றிலிருந்து உழுதுகொண்டிருக்கிறான்! நாங்கள் அவனை நிலத்தின் நடுவில் கட்டிப்போட்டிருக்கிறோம்.

நான் அவன் காதில் சொன்னேன்: “முனுசாமி, ஏர் அவுத்தாச்சு. கஞ்சி வந்துட்ச்சி. வந்து படு.”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பளிச்சென்று பதில் வந்தது. “யாரு சொன்னது? அண்ணன் இன்னும் ஓட்டிக்கினு கீது, கண்ணு தெரியல? முன்னேரு நிக்காம நான் எப்டி அவுக்கிறது? துன்றதுலயே குறியா இருடா நீ!”

ஏர் ஓட்டாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஒரு நிலத்தில் பல ஏர் இறங்கினால் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போகும். முதலில் போவது முன்னேர். அது மண்ணில் கீறிய கோடுதான் சால், அதை ஒட்டித்தான் பின்னேர்கள் வரவேண்டும். எங்கே திரும்புவது, எப்போது நிறுத்துவது எல்லாம் முன்னேர்க்காரன் சொல்வது. அவன் அவிழ்ப்பதற்கு முன் பின்னேர்க்காரன் மாட்டை அவிழ்த்தால் அதைவிடக் கேவலம் கிடையாது. மறுநாள் அவனை யாரும் ஏருக்குக் கூப்பிடமாட்டார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பண்ணையில் நான் ஓட்டியது எப்போதும் கடைசி ஏர்.

இவனைப் படு படு என்று டாக்டர் சொன்னாலும் சிஸ்டர் சொன்னாலும் நான் சொன்னாலும் படுக்கமாட்டான். சொல்லவேண்டியவன் கேட்டில் வண்டியோடு நிற்கிறான்.

வார்டுக்குள் நோயாளியின் ஆட்களை விடக் கூடாது என்பது விதி. வேடிக்கை பார்க்க வருகிறவர்களைத் தடுக்க மேற்குப் பக்கத்து ஜன்னலையும் மரக்கதவு சாத்தி, குறுக்கே சட்டம் அடித்து வைத்திருந்தோம். அடித்தவன் நான். கடப்பாரையைக் கொண்டுவந்து சட்டத்தைப் பெயர்த்தேன். சிஸ்டர் ஓடிவந்தார்.

“ஜீவரத்தினம்! யார் திறக்கச் சொன்னது? பைத்தியம் இவனுக்கா உனக்கா?”

“ஒரு அஞ்சு நிமிஷம் சிஸ்டர். அப்புறம் நானே அடிச்சுடறேன்.”

கோவிந்தனைக் கூட்டிவந்து ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“ஏரு இல்ல, மாடு இல்ல. செவுத்தப் பாத்துக்கினு ஏர் அவுடான்னு நானு கத்தணுமா? ஊர்ல கேட்டா வேப்பிலைய எனக்குத்தான் மொதல்ல அடிப்பாங்க.”

“அடிக்கட்டும். ஒருவாட்டி கத்து. அவன் படுக்கலன்னா நானே தூக்கியாந்து உன் வண்டில வெக்கிறேன்.”

இதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. டாக்டரம்மா காதில் விழுந்திருந்தால் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். போக எனக்கு வீடும் அப்போது இல்லை.

கோவிந்தன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குழந்தையிடம் பேசுகிற குரலில், “டேய் முனுசாமி... படுத்துக்கடா கண்ணு...” என்றான். முனுசாமி கேட்கவில்லை. கட்டு நெரிய இழுத்துக்கொண்டிருந்தான்.

“இப்டியா வயக்காட்டுல பேசுவ?” என்று நான் கோபித்தேன். “ஏர் ஓட்டறப்ப எப்டிச் சொல்லுவியோ அப்டிச் சொல்லு.”

கோவிந்தன் யோசித்தான். பிறகு அவன் செய்ததை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். முன்னேர்க்காரன் பின்னால் பார்த்துப் பேசமாட்டான் அல்லவா? எதிரே ரோட்டைப் பார்த்து, கையை மேழிமேல் வைப்பதுபோல் வைத்து, நாக்கைச் சொடுக்கினான். “ஓ... ஓ... ஓ...” என்று மாட்டை நிறுத்தினான். அப்புறம் ஒரு கத்து கத்தினான் பாருங்கள்.

“ஏர் அவுங்கடா! போதும் இன்னிக்கி! மாட்டத் தண்ணிக்கி வுடுங்க!”

கேட்டில் வண்டியில் பூட்டியிருந்த மாடுகள் அந்தக் குரலைக் கேட்டுக் கழுத்தை ஆட்டி நுகத்தை இறக்கப் பார்த்தன. உள்ளே முனுசாமியின் கை கம்பியிலிருந்து வழுக்கி இறங்கியது. வயிறு தளர்ந்தது.

“கலப்ப?” என்று கேட்டான்.

“கலப்ப எங்கன்னு கேக்கிறான்” என்று நான் ஜன்னல் வழியாகச் சொன்னேன்.

கோவிந்தன் திரும்பாமலே சொன்னான்: “நான் தூக்கினு வர்றேன்டா. நீ போய்ப் படு.”

படுத்தான். நான் நான்கு கட்டையும் அவிழ்த்தேன். அசையவில்லை. டாக்டரம்மா மருந்தோடு வந்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். வெளியே கோவிந்தன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். கொஞ்சம் கழித்து அவனாகவே எழுந்துபோய் வண்டியை அவிழ்த்தான்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆள்

ஒரு தடவையோடு முடியவில்லை. காய்ச்சல் இறங்கும்வரை முனுசாமி அடிக்கடி ஏர் பூட்டுவான். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே திரும்பி நின்று அவிழ்க்கச் சொல்வான். கோவிந்தன் அங்கேயே தங்கிவிட்டான். நான் கஞ்சி கொடுப்பேன். வாங்கிக் குடிப்பான், முகம் சுளிக்கமாட்டான். வேலை இல்லாத நேரம் உள்ளே நானும் வெளியே அவனுமாகப் பேசிக்கொண்டிருப்போம். மாடு, மழை, கடலைக்காய் விலை, நிலக்காரன் அநியாயம். “இன்னா மேஸ்திரி, துன்னியா?” என்று கேட்பான். சுவர் கட்டிய கதையைச் சொன்னதிலிருந்து அவனுக்கு நான் மேஸ்திரி. வார்டில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். அந்தச் சில நாள்தான் அந்த வார்டு எனக்கு வீடு மாதிரி இருந்தது. இன்னொருவன் வீட்டுக் காய்ச்சலில் எனக்குக் கிடைத்த சுகம் அது.

ஒரு தடவை கோவிந்தன் குளிக்கப் போயிருந்தான். முனுசாமி எழுந்துகொண்டான். நான் என்ன குறைந்தவன் என்று நினைத்து, நானும் முதுகைக் காட்டி நின்று, அதே குரலில், “ஏர் அவுங்கடா!” என்று கத்தினேன். எனக்கே கோவிந்தன் குரல் மாதிரி இருந்தது.

பின்னாலிருந்து முனுசாமி கேட்டான்: “யாரு நீ? எங்க முன்னாடி வந்து பூந்துக்கினு? கடைசில போ!”

கோவிந்தன் ஈரத்தலையோடு ஓடிவரும்வரை தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வார்த்தை

காய்ச்சல் இறங்கிய அன்று டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே கேட்டார்: “ஜீவரத்தினம், டெலீரியம்னு நான் எழுதினேனே, அதுக்கு அர்த்தம் தெரியுமா?”

“காய்ச்சல் முத்திப் பெனாத்துறது.”

“அது நோய்க்கு அர்த்தம். வார்த்தைக்கு அர்த்தம் வேற. எங்க புரொபசர் சொல்லியிருக்கார். இங்கிலீஷ்காரன் அதை லத்தீன்லேருந்து எடுத்தான். லத்தீன்ல லீரான்னா உழவு சால். டேன்னா விலகுறது. உழுகிற மாடு சாலை விட்டு விலகிப் போறதுதான் டெலீரியம். படிச்சப்ப பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினேன். இங்க கண்ணால பார்த்தேன்.”

எத்தனையோ காலத்துக்கு முன்னால், கடலுக்கு அப்பால், ஒருவன் புத்தி கலங்கினவனைப் பார்த்திருக்கிறான். பேய் என்று சொல்லவில்லை, பைத்தியம் என்று சொல்லவில்லை. சால் தப்பிவிட்டான் என்று சொன்னான். தப்பின மாட்டை அடிப்பதில்லை, கட்டிப்போடுவதில்லை, திருப்பிச் சாலில் விடுவார்கள். அந்த வார்த்தையைச் செய்தவன் ஏர் பிடித்தவன்தான், எனக்குச் சந்தேகம் இல்லை.

“அந்த ஊர்லயும் முன்னேர் பின்னேர் உண்டாம்மா?” என்று கேட்டேன்.

“அது எனக்குத் தெரியாதுப்பா” என்று சிரித்தார்.

யாருக்கு நினைவிருக்கிறது

முனுசாமி வீட்டுக்குப் போகும் நாளில் டாக்டரம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டான். என்னைத் தாண்டிப் போகும்போது அண்ணனிடம், “இவுரு யாருண்ணா?” என்றான். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை, அவன் பேரில் தப்பில்லை. கோவிந்தன், “நம்ம மேஸ்திரிடா” என்றான். இருவரும் வண்டி ஏறிப் போனார்கள். மறுபடி யாரும் வரவில்லை. குணமானவர்கள் அந்த வார்டுப் பக்கம் திரும்பமாட்டார்கள், அது சகஜம்.

சில வருஷம் கழித்து திருப்பதியில் நர்சுகளுக்கு ஒரு கூட்டம். டாக்டரம்மா பேசினார். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இங்கிலீஷிலும் தெலுங்கிலும் முனுசாமி கதையைச் சொன்னார். சால், லீரா, எல்லாம் சொன்னார். படிக்காத ஒரு அண்ணன் ஜன்னலில் நின்று தம்பியைக் காப்பாற்றினான் என்றார். கை தட்டினார்கள். நான் காத்திருந்தேன். “வார்டு ஊழியர் ஒருவர் ஜன்னலைத் திறந்தார்” என்று ஒரு வார்த்தை வந்தது, போய்விட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டுவிட்டேன்: “அம்மா, என் பேர் சொல்லலையே?”

“அட, ஆமாம் ஜீவரத்தினம்! விட்டுப்போச்சு. அடுத்த தடவை சொல்றேன்.” அடுத்த தடவையும் பேசினார். அப்போதும் விட்டுப்போயிற்று. நல்ல அம்மா. ஆனால் விட்டுப்போயிற்று.

போன மழைக்காலத்தில் எனக்கும் காய்ச்சல் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்தான் பார்த்துக்கொண்டாள். தெளிந்த பிறகு, “நான் ஏதாவது பேசினேனாம்மா?” என்று கேட்டேன். “ஐயோ தாத்தா, ‘மூணாம் பெட்டுக்குக் கஞ்சி குடு, தண்ணி கொதிச்சுதா பாரு’ன்னு என்ன வெரட்டிக்கினே இருந்தீங்க. போதும் படுங்கன்னா கேக்கவே இல்ல” என்றாள். கேட்டிருக்கமாட்டேன். என்னிடம் போதும் என்று சொல்ல எனக்கு முன்னால் யாரும் ஏர் ஓட்டவில்லை.

இப்போது பழைய ஊழியர்கள் சேர்ந்து ஆஸ்பத்திரி நினைவு மலராக ஒரு புத்தகம் போடப்போகிறார்கள், ஆளுக்கு ஒரு அனுபவம் எழுதச் சொன்னார்கள். இளைய பிள்ளைகளுக்கு நான் கற்ற பாடம் இதுதான்: நோயாளி கட்டிலில் முரண்டு பிடித்தால் கயிற்றைத் தேடுவதற்கு முன் அவன் அங்கே என்ன வேலை செய்துகொண்டிருக்கிறான் என்று பாருங்கள். குனிந்து கேளுங்கள். அந்த வேலையை யார் நிறுத்தச் சொல்வார்களோ அவர்களைக் கூட்டிவாருங்கள்.

மலர் போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். டாக்டரம்மா படத்தை முதல் பக்கத்தில் போடுங்கள், தகும். கோவிந்தன் பெயரையும் போடுங்கள், அவன் இப்போது உயிரோடு இல்லை. ஆனால் முனுசாமி உழுதுகொண்டிருக்கிறான் என்று கண்டுபிடித்தது யார் என்பதையும் போடவேண்டும். ‘வார்டு ஊழியர் ஒருவர்’ என்று மறுபடி எழுதினால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்த வார்டில் இருந்ததே ஒருவன்தான். அவன் பெயர் ஜீவரத்தினம்.